வண்டி எங்கே நின்றது? – நடமாடும் நூல்நிலையங்களின் வரலாறு

நூலைத் தேடி மனிதர் செல்வது ஒரு முறை. மனிதரைத் தேடி நூல் செல்வது மற்றொரு முறை. முன்னதற்குக் கட்டடம் வேண்டும். பின்னதற்குச் சக்கரம் வேண்டும். நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா நினைவாக நூல்நிலையக் கட்டடம் ஒன்று எழுப்ப வேண்டும் என்று உறுப்பினர் பலரும், அத்தொகையைக் கொண்டு நூல்வண்டி ஒன்று வாங்கி ஊர்தோறும் ஓட்ட வேண்டும் என்று இளைஞர் சிலரும் பேசி வருகின்றனர். இரு சாராரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். எனினும், நூல்வண்டி என்பது நேற்றுத் தோன்றிய புதுமை என்று பெரியவர்களும், அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இளைஞர்களும் எண்ணுவதாகத் தெரிகிறது. இரண்டும் சரியல்ல. நடமாடும் நூல்நிலையத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நம் தெருவில் நின்று படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னார்குடி மாட்டுவண்டி

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றின் முதன்மையான நாள் 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள். அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசல் என்னும் ஊரில், நூல்களை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று தன் பணியைத் தொடங்கியது. அதனை அமைத்தவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை; பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றோர் வீடு கட்டுவர். கோயில் திருப்பணி செய்வர். இவர் நூலுக்கு வண்டி கட்டினார். அதற்காகவே அவரை நாம் வணங்கலாம்.

அவருக்குப் பின்னே ஓர் இயக்கம் இருந்தது. 1928ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை நூலகச் சங்கமே அவ்வியக்கம். அதன் உயிர்நாடியாக விளங்கியவர் எஸ். ஆர். அரங்கநாதன். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணிதம் பயிற்றும் ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்றவர். நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்த அவருடைய நூல் வெளிவந்ததும் அதே 1931ஆம் ஆண்டில்தான். அவ்விதிகளுள் இரண்டாவது, படிப்பவர் யாராயினும் அவருக்குரிய நூல் அவர் கைக்குச் சென்று சேர்ந்தாக வேண்டும் என்ற கருத்தைக் கொண்டது. மேல்தட்டினர் – பொதுமக்கள், ஆண் – பெண், நகரத்தார் – நாட்டுப்புறத்தார் என்று எங்கெல்லாம் வேலி போடப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அவ்விதி சென்று தட்டுகிறது. ஏட்டில் எழுதிய அவ்விதிக்கு மன்னார்குடியில் இரண்டு சக்கரமும் இரண்டு மாடும் பூட்டப்பட்டன என்று சொல்லலாம்.

காவிரிப் படுகையின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அவ்வண்டியின் சிறப்பு விளங்கும். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த அவ்வூர்களுக்கு அந்நாளில் மோட்டார் செல்லும் சாலை அரிது. மாட்டுவண்டி செல்லாத ஊரோ இல்லை. நெல்மூட்டை ஏறிய வழியிலேயே நூலும் ஏறியது. வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து எதையும் வரவழைக்காமல், ஊர்த் தச்சரும் ஊர்க் கொல்லரும் செய்யக்கூடிய ஒன்றைக் கொண்டு அரிய தொண்டு ஒன்று நடைபெற்றது. நூலக வரலாறு எழுதுவோர் இதனைப் போற்றுவது முற்றிலும் தகும்.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவ்வண்டி ஊருக்குள் வந்தது, சரி. எத்தெருவில் நின்றது?

1931ஆம் ஆண்டின் தஞ்சை மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஊர் வேறு, சேரி வேறு, இடையே வயல். சேரியில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் பண்ணையாட்கள். விடியுமுன் வயலில் இறங்கி, இருட்டிய பின் கரையேறியவர்கள். இத்தகைய ஊரில் ஒரு வண்டி கோயில் மண்டபத்தின் முன் நின்றால் ஒரு பொருள். ஊர்ச் சாவடியில் நின்றால் ஒரு பொருள். சேரியின் புளியமரத்தடிக்கு வந்து நின்றால் முற்றிலும் வேறு பொருள். பகலில் வந்து பகலிலேயே திரும்பிவிடும் வண்டி, பண்ணையாளைப் பொறுத்தவரை வராத வண்டியே ஆகும். ஆகவே நம் மக்களுக்கும் நூலுக்கும் இடையே இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று இடம்; மற்றொன்று நேரம். வண்டிக்குச் சக்கரம் இருப்பதனாலேயே இப்பூட்டுகள் தாமாகத் திறந்துகொள்வதில்லை.

சட்டங்கள் வராமலில்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று 1924ஆம் ஆண்டிலேயே சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1938ஆம் ஆண்டு எம். சி. ராஜாவின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் ஒன்றும் வந்தது. 1950இல் அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. இவையெல்லாம் பெரும் வெற்றிகள். ஆயினும் தடை எப்போதும் பலகையில் எழுதி மாட்டப்படுவதில்லை. இக்கட்டுரையாளன் சிறுவனாயிருந்தபோது அருகிலிருந்த ஊரொன்றில் படிப்பகம் ஒன்று இருந்தது. கோயிலை ஒட்டிய சாவடியில் இரண்டு பெஞ்சும் ஒரு நாளிதழும். எங்கள் தெருவார் வரக்கூடாது என்று எவரும் சொன்னதில்லை. எங்கள் தெருவிலிருந்து எவரும் சென்றதுமில்லை. நாளிதழ் பழையதாகிக் கடையில் பொட்டலமாகக் கட்டப்பட்டு வரும்போதுதான் நாங்கள் அதைப் படித்தோம்.

கறுப்பு வண்டியும் சிவப்புச் சக்கரமும்

நூல்வண்டி முதன்முதலில் மன்னார்குடியில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் வாரிங்டன் நகரத்துத் தொழிலாளர் கல்வி நிலையம் ஒன்று 1858ஆம் ஆண்டிலேயே குதிரை வண்டியில் நூல்களை ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பியது. வாரிங்டன் ஓர் ஆலை நகரம் என்பதை ஓசூர்ப் பகுதி வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆலை நேரத்தில் அடைபட்டவனுக்காகவே நூல் நடக்கத் தொடங்கிற்று.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகர நூலகராயிருந்த மேரி டிட்கோம் என்னும் அம்மையார் செய்தது இன்னும் நுணுக்கமானது. அவர் முதலில் நூல்களைப் பெட்டிகளில் அடைத்துச் சிற்றூர்க் கடைகளுக்கும் அஞ்சல் நிலையங்களுக்கும் அனுப்பினார். கடைவீதிக்கு வருவோர் படித்தனர். ஒதுக்குப்புறப் பண்ணை வீட்டில் இருந்தோர் படிக்கவில்லை. ஆகவே 1905ஆம் ஆண்டில் இரட்டைக் குதிரை பூட்டிய வண்டி ஒன்றைச் செய்வித்தார். வண்டியின் வெளிப்புறத்திலேயே அலமாரிகள். கதவைத் திறந்தால் ஏறத்தாழ 200 நூல்கள் கண்ணெதிரே நிற்கும். நூலகத்தைப் பெருக்கித் துடைத்துவந்த ஜோஷுவா தாமஸ் என்பவரே வண்டியோட்டி. அப்பகுதியின் பாதைகள் அனைத்தும் அவருக்குப் பாடம். நூல் கொடுத்தவரும் அவரே. பெருக்கும் பணியாளர் என்று எவரையும் குறைத்து மதிப்போர் இச்செய்தியை இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

அவ்வண்டிக்கு முதலில் கறுப்பு வண்ணம் பூசியிருந்தனர். தொலைவிலிருந்து பார்த்த உழவர் ஒருவர் அதைப் பிணவண்டி என்று எண்ணி, எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, போ என்னும் பொருள்பட விரட்டிவிட்டாராம். அதன் பிறகு சக்கரத்துக்கும் கதவுக்கும் சிவப்பு வண்ணம் பூசினர். சிரிப்புக்குரிய செய்திதான், ஆயினும் அதில் பாடம் உண்டு. மக்கள் ஒரு வண்டியைப் பார்த்தவுடனே அது தங்களுக்கு என்ன கொண்டுவருகிறது என்று முடிவு செய்துவிடுகின்றனர். நம் தெருக்களுக்குள் வரும் வண்டிகள் பலவும் இதுவரை எவற்றைக் கொண்டுவந்தன என்பதை நாம் அறிவோம். வரி கேட்கும் வண்டி, பிடித்துச் செல்லும் வண்டி, தேர்தல் காலத்தில் கொடி கட்டிய வண்டி. நூல்வண்டி அவற்றுள் ஒன்றாகத் தோன்றாதிருக்கச் சில காலம் ஆகும்.

டிட்கோம் அம்மையாரின் வண்டி 1910இல் சரக்கு ரயிலில் மோதுண்டு நொறுங்கியது. அடுத்த வண்டி, மோட்டார் வண்டி, 1912இல்தான் வந்தது. வண்டியை நம்பிய நூலகத்துக்கு இத்தகைய இடர்களும் உண்டு.

பரோடாவில் இரு காட்சிகள்

இந்தியாவில் நூலை ஊரூராக அனுப்பும் ஏற்பாட்டை அரசின் திட்டமாகவே செய்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். தம் அரசு முழுவதும் கட்டாயக் கல்வியை 1906இல் கொண்டுவந்தவர் அவர். படித்த பிள்ளைகள் படித்ததை மறவாதிருக்க நூல் வேண்டும் என்று உணர்ந்து, 1910ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலகரை வரவழைத்தார். நகரில் நடுவண் நூலகம், ஊர்களில் கிளைகள், கிளையும் இல்லாத ஊர்களுக்கு மரப்பெட்டியில் அடைத்த நடமாடும் நூல்நிலையம். பெட்டி ஓர் ஊரில் சில காலம் தங்கும். பிறகு திரும்பி வந்து வேறு நூல்களோடு புறப்படும். இந்தியாவில் அந்நாளில் இதற்கு நிகரான ஏற்பாடு இல்லை.

அதே மன்னரின் உதவித்தொகையைப் பெற்றுத்தான் அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் அவ்வாறே பரோடாவில் வந்து இறங்கினார். தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பார்சியர் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கூறித் தங்கினார். வேறு விருந்தினர் இல்லாத அவ்விடுதியில் மின்விளக்கு இல்லை. சிறு அரிக்கேன் விளக்கின் வெளிச்சம். சுற்றிலும் வௌவால்கள் சிறகடித்த இருட்டு. அத்தனிமையில் தமக்குத் துணையாயிருந்தவை நூல்களே என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இந்து நண்பர் ஒருவரும் கிறித்தவ நண்பர் ஒருவரும் இடம் தர இயலாதவராயினர். நகரப் பூங்காவில் இரவுவரை காத்திருந்து, மும்பைக்கு ரயிலேறினார்.

இளைஞர்களே, இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் அரசில் நூல்கள் பெட்டியேறி ஊர்தோறும் வரவேற்புப் பெறுகின்றன. அவ்வரசின் செலவிலேயே படித்துத் திரும்பிய மிகச் சிறந்த வாசகர் ஓர் அறை கிடைக்காமல் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். மன்னரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. மன்னரின் ஆணை மரப்பெட்டியோடு சென்றது. வீட்டு வாசற்படியைத் தாண்ட அதனால் இயலவில்லை. நூலுக்கு இருந்த வழி மனிதருக்கு இல்லை.

அண்ணல் இதிலிருந்து கற்றது என்ன என்பதை அவர் செயல் காட்டுகிறது. 1924ஆம் ஆண்டு மும்பையில் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் நோக்கங்களுள் மாணவர் விடுதி அமைப்பதும் நூல்நிலையம் அமைப்பதும் முன்வரிசையில் இருந்தன. சபை சோலாப்பூரில் விடுதி நடத்தியது. மும்பையில் கட்டணமில்லாப் படிப்பகம் நடத்தியது. பிறர் நூல்நிலையத்தின் கதவு திறக்கும்வரை காத்திராமல், நம்மவர் கையில் நூல்நிலையம் இருக்க வேண்டும் என்பதே அவருடைய வழி.

தங்கவயலுக்கு வந்த தாள்

அவ்வழியில் நம் முன்னோர் அதற்கு முன்பே நடந்திருக்கின்றனர். அதைக் காண நாம் பரோடாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, மாநில எல்லையைக் கடந்தவுடன் கோலார் தங்கவயல்.

1880களிலிருந்து அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தோரில் மிகப் பெரும்பாலோர் தமிழ்பேசும் நம் மக்கள். வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பண்ணைகளை விட்டுப் புறப்பட்டவர்கள். அவர்களுடைய வரிசை வீடுகளுக்குப் பண்டித அயோத்திதாசரின் இதழ் வந்து சேர்ந்தது. 1907ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் பெயரில் புறப்பட்ட கிழமை இதழ் அது. மறு ஆண்டில் ‘தமிழன்’ ஆயிற்று. விலை பெயரிலேயே இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே 1926ஆம் ஆண்டில் மீண்டும் எழுப்பி நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீப்சில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது.

இதனை நடமாடும் நூல்நிலையம் என்று எந்த நூலக வரலாறும் குறிப்பதில்லை. நான் குறிக்கிறேன். அஞ்சற்பையே அதன் வண்டி. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே அதன் படிப்பகம். எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்; ஒரு பைசாத் தாள் ஒரு வரிசை வீடு முழுவதற்கும் நூலாகிவிடும். அது நின்ற இடம் நம் தெரு. அது வந்த நேரம் நம் வேலை முடிந்த நேரம். இரண்டு பூட்டுகளும் திறந்தன. ஏனெனில் அனுப்பியவரும் நம்மவர், பெற்றவரும் நம்மவர்.

கறுப்பின மக்களுக்குக் கிடைத்த தனி வண்டி

இவ்விடத்தில் இளைஞர்கள் விரைந்து ஒரு முடிவுக்கு வரக்கூடும். அப்படியானால் நமக்கென்று தனி வண்டி வாங்கி நம் காலனிகளில் மட்டும் ஓட்டினால் போதுமே என்பர். அதன் ஆபத்தையும் வரலாறு காட்டுகிறது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளையர் நூல்நிலையத்தில் கறுப்பர் நுழைய முடியாத காலம் நெடுங்காலம் நீடித்தது. அங்குக் கறுப்பின மக்கள் தாமே முயன்று நூல்நிலையங்கள் அமைத்தனர். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் அவ்வாறு எழுந்த ஸ்டான்போர்டு வாரன் நூலகம் 1941ஆம் ஆண்டு நூல்வண்டி ஒன்றையும் தொடங்கியது. சிற்றூர்க் கறுப்பின மக்களுக்கு அது பெரும் கொடை. ஆனால் தென்மாநில ஆட்சியாளர்கள் இத்தகைய ஏற்பாடுகளைச் சுட்டி, உங்களுக்குத்தான் தனியே இருக்கிறதே, பெரிய நூலகத்துக்குள் ஏன் வர வேண்டும் என்று கேட்க அவை வழியாகவும் அமைந்தன. கறுப்பருக்கான கிளைகளில் நூல் குறைவு, உள்ளவையும் பழையவை. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் 1961ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பது பேர் வெள்ளையருக்கான பொது நூலகத்துக்குள் சென்று, தங்கள் கிளையில் இல்லாத நூல்களைக் கேட்டு அமைதியாக உட்கார்ந்து படித்தனர். காவலர் அவர்களைச் சிறைப்பிடித்தனர். படித்ததே குற்றம்.

அதற்கு முன் 1959இல் தென் கரோலினாவின் லேக் சிட்டி என்னும் சிற்றூரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நூல் கேட்டு நூலகத்தில் நின்றான். கொடுக்க மறுத்து, காவலரையும் அழைத்தார் நூலகப் பொறுப்பாளர். சிறுவன் நகரவில்லை, நூலைப் பெற்றுக்கொண்டே வீடு திரும்பினான். அவன் பெயர் ரொனால்டு மெக்நேர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, 1984இல் விண்வெளிக்குச் சென்றவர் அவர். 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிர்நீத்தார். அவருக்கு மறுத்த நூலகக் கட்டடம் இப்போது அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம்.

வாடகையில் அடங்கிய வரி

நம் மாநிலத்தில் பொது நூலகம் யாருடைய பணத்தில் நடைபெறுகிறது என்பதைப் பலர் அறியார். இந்தியாவிலேயே நூலகத்துக்கென்று முறையான சட்டம் முதலில் கண்டது சென்னை மாகாணம். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், அரங்கநாதனின் இடைவிடா முயற்சியால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துத் தண்டப்படுகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. ஓசூரின் தொழிற்சாலைக் கட்டடங்களும் அவ்வரியைச் செலுத்துகின்றன. ஒண்டுக் குடித்தன வீட்டுக்காரரும் செலுத்துகிறார். அவ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் நம் தோழர் தம் வாடகையின் வழியே அதைக் கொடுத்துவிடுகிறார். எனவே பொது நூலகத்தின் வாசலில் நாம் தயங்கி நிற்க வேண்டியதில்லை. அது நமக்கு இடப்படும் ஐயமன்று. நம் பணத்தில் வாங்கிய பொருள்.

வண்டிகளும் அச்சட்டத்துக்குப் பின் நாட்டில் பெருகின. ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் துணையோடு 1951இல் திறக்கப்பட்ட தில்லிப் பொது நூலகம் 1953இல் மோட்டார் நூல்வண்டியைத் தொடங்கி, இன்ன நாள், இன்ன இடம், இன்ன நேரம் என்று அட்டவணையிட்டு ஓட்டியது. அதற்கு முன்பே ஆந்திரப் பகுதியில், வண்டி செல்லாத கிருஷ்ணா வாய்க்கால் ஓரத்து ஊர்களுக்கு 1935இல் பாதூரி நாகபூஷணம் படகில் நூல் கொண்டுசென்றார். கொலம்பியா நாட்டில் லூயிஸ் சொரியானோ என்னும் ஆசிரியர் இரண்டு கழுதைகளின் முதுகில் நூல் ஏற்றி மலையூர்ப் பிள்ளைகளிடம் சென்றது அண்மைக் காலத்துச் செய்தி. மாடோ, கழுதையோ, மோட்டாரோ, அதுவன்று முதன்மை. சொன்ன நாளில் வந்ததா என்பதே முதன்மை. இருமுறை வராமற்போன வண்டிக்காக மூன்றாம் முறை எந்தப் பிள்ளையும் காத்திருப்பதில்லை.

ஓசூரில் வண்டி ஓடினால்

இனி நம் பகுதிக்கு வருவோம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் அசோக் லேலண்டு ஆலை. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட், சில ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரம். லாரியும் பேருந்தும் இருசக்கர வண்டியும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர் இது. அவ்வண்டிகளைப் பூட்டிய கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் உண்டு. நேரத்தைக் காட்டும் கடிகாரத்தைச் செய்தவர்களுக்கே படிக்க நேரமில்லை என்பது இவ்வூரின் வேடிக்கை. காலை ஷிப்டுக்குச் செல்பவர் ஆறு மணிக்கு ஆலைக்குள். இரவு ஷிப்டு முடிந்தவர் பகலெல்லாம் உறக்கத்தில். தஞ்சைப் பண்ணையாளுக்கு இருந்த நேரப் பூட்டு இங்கே ஷிப்டு என்ற பெயரில் தொங்குகிறது. கட்டட நூல்நிலையம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதற்கென்று ஒரு நேரம்தான். வண்டியோ, திங்களன்று மாலை ஒரு வாயிலில், செவ்வாயன்று பிற்பகல் மற்றொரு குடியிருப்பில் என்று ஷிப்டுக்குத் தக்கவாறு நிற்க முடியும். இதுவே வண்டியின் சார்பில் நான் காணும் வலிமையான காரணம்.

மற்றொரு காரணம் தொலைவு. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி மலைப்பக்கத்துச் சிற்றூர்களில் உள்ள நம் பிள்ளைகளுக்கு ஓசூரில் கட்டும் கட்டடத்தால் என்ன பயன்? பேருந்துக் கட்டணம் கொடுத்து நூல் மாற்ற வர எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

மொழியையும் எண்ண வேண்டும். இவ்வெல்லைப் பகுதியில் நம் வீடுகளிலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. கன்னட வழியில் படித்த அக்காளும் தமிழ் வழியில் படிக்கும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். மூன்று மொழி நூலும் இல்லாத வண்டி இங்கு அரை வண்டியே. அலமாரியில் அண்ணலின் நூல்களும் பண்டிதரின் நூல்களும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் அவற்றை மட்டும் அடுக்கினால் போதாது. ஐ.டி.ஐ. படிக்கும் தம்பிக்குத் தொழிற்பாட நூல், போட்டித் தேர்வு எழுதும் தங்கைக்கு வழிகாட்டி நூல், ஒப்பந்தக் கூலியாக ஆலைக்குச் செல்பவருக்குத் தொழிலாளர் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் நூல், குழந்தைகளுக்குப் படக்கதை. அலமாரித் தட்டுகளைச் சற்றுப் பின்சாய்வாக அமைக்க வேண்டும். இல்லையேல் மலைவளைவுகளில் நூல்கள் சரிந்து கீழே விழும். இத்தகைய சிறு செய்திகளை இளைஞர்கள் இப்போதே யோசிக்கத் தொடங்கலாம்.

கட்டடம் வேண்டாம் என்பது என் வாதமன்று. வண்டி இரவில் எங்கே நிற்கும், நூல்களை எங்கே அடுக்கித் தைத்து ஒட்டிச் சீர்செய்வது என்பதற்கு ஓர் அறையேனும் வேண்டும். இப்போதைக்கு அது வாடகை அறையாக இருக்கலாம் என்பதே என் கருத்து.

நிற்குமிடம் பற்றி ஒன்று கூறி முடிக்கிறேன். முதல் வாரம் வண்டி நம் காலனியில் நிற்கட்டும். மறு வாரம் அதே ஊரின் ஊர்த்தெருவில், பால் கூட்டுறவுச் சங்கத்தின் எதிரே நிற்கட்டும். எல்லார் பிள்ளைகளும் வரட்டும். நூல் வழங்கும் பதிவேடு நம் பெண்மக்களில் ஒருவர் கையில் இருக்கட்டும். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த ஊராயினும், நூல் வேண்டுமென்றால் அவர் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும். பெயரை எழுதிக் கையொப்பம் இட வேண்டியிருக்கும். முதல் சில வாரங்கள் ஊர்த்தெருவில் எவரும் வராமலிருக்கலாம். அப்போதும் குறித்த நேரம் முடியும்வரை கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வண்டி புறப்பட வேண்டும்.

ஆண்டுக் கூட்டத்துக்கு வருமுன் இளைஞர் அணியினர் மூன்று கணக்குகளைத் தனித்தனியே எழுதிக்கொண்டு வர வேண்டுகிறேன்: வண்டியின் விலை, ஓட்டுநரின் ஓராண்டுச் சம்பளம், டீசலும் பழுதுபார்க்கும் செலவும். முதலாவதற்கு நன்கொடை எளிதில் கிடைத்துவிடும். மற்ற இரண்டுக்கும் மாதச் சந்தா யார் யார் தருவர் என்று இப்போதே பெயரோடு குறித்து வாருங்கள்.